சாக்பீஸைக் கையில் எடு, தங்கச்சி!

போன வாரம் ராத்திரி பத்தரை மணிக்குத் தங்கச்சி போன் செய்தாள். பிஎஸ்சி இயற்பியல் கடைசி வருடம் படிக்கிறாள். ஜாம் நுழைவுத் தேர்வு எழுதியிருந்தாள். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் இன்டக்ரேட்டட் பிஎச்டி இன்டர்வியூவுக்கு அழைப்பு வந்துவிட்டது. சந்தோஷத்தில் கத்தித் தீர்த்துவிட்டு, அடுத்த மூச்சிலேயே கேட்டாள்: "அக்கா, மூணு வாரம்தான் இருக்கு. எந்த புக்கை முதல்ல படிக்கணும்?"

"புக்கை அப்புறம் பாத்துக்கலாம். நாளைக்குக் காலையில ஒரு டப்பா சாக்பீஸ் வாங்கு" என்றேன்.

அவளுக்குப் புரியவில்லை. நானும் ஒரு காலத்தில் இதே இடத்தில் நின்று, புத்தகத்தை மட்டும் நம்பிப் போய், வெறுங்கையோடு திரும்பியவள். அடுத்த வருடம் தயாரிப்பை அடியோடு மாற்றிக்கொண்டு போனேன், இடம் கிடைத்தது. அந்த இரண்டு வருடத்துக்கும் நடுவில் கற்றுக்கொண்டதைத்தான் அன்று ராத்திரி ஒன்றரை மணி வரைக்கும் அவளுக்குச் சொன்னேன். அதையே இங்கே எழுதுகிறேன். பெங்களூருக்கும், மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்துக்கும் (டிஐஎஃப்ஆர்), நம் சென்னை தரமணி கணித அறிவியல் நிறுவனத்துக்கும் இன்டர்வியூவுக்குக் கிளம்பும் எல்லாத் தம்பி தங்கச்சிகளுக்கும் இது சேரட்டும். நான் இயற்பியல் படித்தவள், அதனால் உதாரணங்கள் அதிலிருந்து வரும். வேதியியலோ கணிதமோ உயிரியலோ படிப்பவர்களுக்கும் வழி ஒன்றுதான்.

1. இது இன்னொரு பரீட்சை இல்லை

ஜாம், ஜெஸ்ட், டிஐஎஃப்ஆரின் எழுத்துத் தேர்வு எல்லாம் வாசற்படி. அதைத் தாண்டி வந்தவர்களுக்குப் பாடம் தெரியும் என்பது உள்ளே உட்கார்ந்திருப்பவர்களுக்கு முன்பே தெரியும். இன்டர்வியூவில் அவர்கள் பார்ப்பது வேறு. நீ சேர்ந்தால் சுமார் ஆறேழு வருடம் அவர்களோடு வேலை செய்யப் போகிறாய். ஆராய்ச்சியில் முக்கால்வாசி நாள் விடை தெரியாத நாள்தான். அப்படிப்பட்ட நாளில் இந்தப் பெண் என்ன செய்வாள்? உறைந்து போவாளா, எங்கேயாவது ஒரு நுனியைப் பிடித்து இழுத்துப் பார்ப்பாளா? அதைத்தான் நேரில் பார்க்க விரும்புகிறார்கள்.

அதனால் உனக்குத் தெரிந்த கேள்வியில் தொடங்கினாலும், உனக்குத் தெரியாத இடம் வரும்வரை தள்ளிக்கொண்டே போவார்கள். மாட்டிக்கொண்டோம் என்று தோன்றினால் பயப்படாதே. அங்கேதான் நிஜமான இன்டர்வியூ தொடங்குகிறது.

2. இரண்டு பாடத்தைச் சொந்தமாக்கிக்கொள்

உள்ளே போனதும் பெரும்பாலும் முதலில் வரும் கேள்வி, "எந்தப் பாடத்திலிருந்து தொடங்கலாம்?" இதற்குத் திருதிருவென்று விழிக்கக் கூடாது. "எல்லாம் ஓகே சார்" என்று சொல்வதும் ஆபத்து. இரண்டு பாடத்தை இப்போதே தேர்ந்தெடு. மெக்கானிக்ஸும் குவாண்டமும் என்று வைத்துக்கொள்வோம். அந்த இரண்டிலும் அடிப்படை உன் வீட்டுக் கொல்லைப்புறம் மாதிரி இருக்க வேண்டும், கரண்ட் போனாலும் தடுமாறாமல் நடக்கிற அளவுக்கு.

கடினமான அத்தியாயங்களைத் தேடி ஓடாதே. நியூட்டன் விதிகள், ஆற்றல் அழியாமை, சிம்பிள் ஹார்மோனிக் மோஷன், காஸ் விதி, ஒரு பெட்டிக்குள் அடைபட்ட துகள், தெர்மோடைனமிக்ஸின் முதல் இரண்டு விதிகள், டெய்லர் விரிவு, இரண்டுக்கு இரண்டு மேட்ரிக்ஸின் ஐகன் மதிப்பு. கேள்விகள் பெரும்பாலும் இங்கிருந்துதான் முளைக்கும். பெரிய பெயர்களைச் சொல்லி அசத்த நினைத்து, "ஜெனரல் ரிலேட்டிவிட்டி பிடிக்கும் சார்" என்று சொல்லிவிட்டால், அடுத்த கேள்வி அதிலிருந்துதான் வரும். படிக்காததைப் பிடிக்கும் என்று சொல்லாதே.

புத்தகம் கேட்டாயே, இதோ: மெக்கானிக்ஸுக்கு கிளெப்னர் - கோலென்கோவ், மின்காந்தவியலுக்கும் குவாண்டத்துக்கும் கிரிஃபித்ஸ். பள்ளி அளவில் எங்கேயாவது ஆட்டம் கண்டால் ஹெச்.சி.வர்மாவுக்குத் திரும்பிப் போக வெட்கப்படாதே. ஃபெய்ன்மன் விரிவுரைகளை இணையத்திலேயே இலவசமாகப் படிக்கலாம். ஐஐடி மெட்ராஸில் பேராசிரியராக இருந்த வி.பாலகிருஷ்ணனின் என்பிடெல் வகுப்புகள் யூடியூபில் இருக்கின்றன. ஒரு மனிதர் கரும்பலகையின் முன்னால் நின்று எப்படி யோசிக்கிறார் என்பதைப் பார்க்க அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. மூன்று வாரத்தில் இதில் எதையும் முழுதாகப் படித்து முடிக்க முடியாது, முடிக்கவும் வேண்டாம். உன் இரண்டு பாடத்துக்கு ஒவ்வொரு புத்தகம் போதும்.

3. வாய்விட்டு யோசி

என் முதல் இன்டர்வியூவில் நடந்ததைச் சொல்கிறேன். "ஹார்மோனிக் ஆசிலேட்டரின் ஆற்றல் நிலைகள் என்ன?" என்று கேட்டார்கள். கடகடவென்று சொன்னேன். "சரி, நடுவில், எக்ஸ் பூஜ்யத்தில் ஒரு சுவர் எழுப்பிவிட்டேன். துகள் வலது பக்கம் மட்டும்தான் இருக்கலாம். இப்போது?" என்றார் ஒருவர்.

நான் படித்த புத்தகத்தில் அந்தச் சுவர் இல்லை. மனதுக்குள் பக்கம் பக்கமாகப் புரட்டினேன். வாய் திறக்கவில்லை. ஐந்து நிமிடம் அந்த அறையில் மின்விசிறிச் சத்தம் மட்டும்தான். அவர்களுக்கு உதவ விருப்பம் இருந்திருக்கும், ஆனால் எந்த இடத்தில் நிற்கிறேன் என்று சொல்லாதவளுக்கு எப்படிக் கை கொடுக்க முடியும்?

இன்றைக்கு அதே கேள்வி வந்தால் இப்படிப் பேசுவேன்: "சார், சுவர் இருக்கும் இடத்தில் வேவ் ஃபங்ஷன் பூஜ்யமாக வேண்டும். வலது பக்கம் சமன்பாடு மாறவில்லை, பழைய ஆசிலேட்டர்தான். அப்படியானால் பழைய விடைகளில் எதெல்லாம் நடுவில் ஏற்கெனவே பூஜ்யமாக இருக்கிறதோ, அதெல்லாம் அப்படியே தேறும். பூஜ்யத்திலிருந்து எண்ணினால், ஒற்றைப்படை நிலைகள் மட்டும் நடுவில் பூஜ்யமாக இருக்கும். அதனால் ஆற்றல் மூன்றின் கீழ் இரண்டு, ஏழின் கீழ் இரண்டு, பதினொன்றின் கீழ் இரண்டு என்று எச்-பார் ஒமேகா மடங்குகளில் வரும்." நான்கே வரி. ஒரு புதுக் கணக்கும் போடவில்லை. பழையதிலிருந்து புதியதற்கு ஒரு பாலம் போட்டதுதான்.

பிறகு ஒரு வரி சேர்ப்பேன்: "தரைநிலை ஆற்றல் பாதியிலிருந்து ஒன்றரைக்கு ஏறியிருக்கிறது. இடத்தைச் சுருக்கினால் ஆற்றல் ஏறும், அது நிச்சயமின்மைக் கோட்பாட்டோடு ஒத்துப் போகிறது." விடை வந்ததும் அது நியாயமாக இருக்கிறதா என்று நீயே சரிபார்ப்பதைப் பேராசிரியர்கள் மிகவும் மதிப்பார்கள்.

இதற்குத்தான் சாக்பீஸ். தினமும் இரண்டு கணக்கை எழுந்து நின்று, வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போடு. கரும்பலகை இல்லையென்றால் சிமென்ட் தரையும் மாடிச் சுவரும் போதும். உட்கார்ந்து நோட்டில் போடும்போது வருகிற கணக்கு, நின்றுகொண்டு பேசிக்கொண்டே போடும்போது முதல் நான்கு நாள் வராது. அந்தத் தடுமாற்றத்தை வீட்டிலேயே தீர்த்துவிட்டுப் போ.

4. கிராஃப் வரையக் கற்றுக்கொள்

"இந்த ஃபங்ஷனை வரையுங்கள்" என்று கேட்காத பேனலை நான் பார்த்ததில்லை. புள்ளி புள்ளியாக மதிப்பு போட்டு வரைவது பள்ளிப் பழக்கம், அதை விட்டுவிடு. ஓர் ஒழுங்கு வைத்துக்கொள்: பூஜ்யத்தில் என்ன, முடிவிலியில் என்ன, எங்கே உச்சம், எங்கே பள்ளம், எங்கே அச்சை வெட்டுகிறது.

எக்ஸ் பெருக்கல் ஈ-யின் அடுக்கு மைனஸ் எக்ஸ் என்று எடுத்துக்கொள். எக்ஸ் பூஜ்யத்தில் மதிப்பும் பூஜ்யம். அதன் பக்கத்தில் ஈ-யின் பங்கு கிட்டத்தட்ட 1, எனவே நேர்கோடாக ஏறும். தொலைவில் அடுக்குக்குறி எல்லாவற்றையும் அமுக்கிவிடும், எனவே பூஜ்யத்துக்கு இறங்கும். ஏறியது இறங்க வேண்டுமென்றால் நடுவில் ஓர் உச்சம் உண்டு. வகையிட்டால் அது எக்ஸ் 1-இல், உயரம் சுமார் 0.37. இடது பக்கம் சரசரவென்று கீழே போகும். முடிந்தது படம்.

"இது இயற்கையில் எங்கே வரும்?" என்று தொடர்வார்கள். அலுவலகக் கதவுகளின் மேலே கதவைத் தானாக மூடும் கருவி ஒன்று இருக்குமே, அது மாதிரி கிரிட்டிகல் டேம்பிங் உள்ள அமைப்பை நிலையான இடத்திலிருந்து ஒரு தட்டு தட்டிவிட்டால், அது விலகி, ஆடாமல் திரும்பி வரும் பாதை இதுதான். இப்படிப் பத்து ஃபங்ஷனை வரைந்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு பௌதிக உதாரணம் யோசித்து வை.

5. ஹின்ட் கொடுத்தால் இரண்டு கையாலும் வாங்கிக்கொள்

நடுவில் ஒரு பேராசிரியர், "எல்லைகளில் என்ன ஆகும் என்று பாருங்களேன்" என்பார். அல்லது, "நிச்சயமாகவா?" என்று மட்டும் கேட்பார். நம்மில் பலருக்கு அது திட்டு மாதிரி கேட்கும். பள்ளியில் டீச்சர் அப்படிக் கேட்டால் தப்பு என்றுதானே அர்த்தம்! இங்கே அப்படி இல்லை. ஹின்ட் கிடைத்தால் மதிப்பெண் குறைந்துவிடும் என்று நினைத்து, அதைக் காதில் வாங்காமல் உன் வழியிலேயே போகாதே. கையிலிருக்கும் வேலையை நிறுத்து. அவர் சொன்னதை உன் வாயால் ஒரு தடவை திருப்பிச் சொல். அதைப் பயன்படுத்து. சொல்லிக் கொடுத்தால் பிடித்துக்கொள்கிற பிள்ளையா என்பதும் அவர்கள் பார்க்கிற ஒன்று.

"நிச்சயமாகவா?" என்ற கேள்விக்கு விடையை உடனே மாற்றிவிடவும் கூடாது. சரியான விடைக்கும் அப்படிக் கேட்பார்கள். "ஒரு நிமிஷம் சார், சரிபார்க்கிறேன்" என்று சொல்லிப் பரிமாணம் சரியா, எல்லைகளில் சரியா என்று பார். சரியென்றால் அமைதியாக, "ஆமாம் சார், இதனால்" என்று காரணத்தோடு நில். தப்பென்றால், "இங்கே தவறிவிட்டேன்" என்று திருத்து. இரண்டுமே உனக்கு நல்லதுதான்.

6. "தெரியாது" என்று சொல்லவும் ஒரு முறை உண்டு

தெரியாததைத் தெரிந்த மாதிரி அளக்கவே அளக்காதே. அவர்கள் அந்தத் துறையிலேயே ஊறியவர்கள், அடுத்த கேள்வியிலேயே தெரிந்துவிடும். அதன்பிறகு நீ சரியாகச் சொல்வதையும் சந்தேகத்தோடுதான் கேட்பார்கள்.

வெறும் "தெரியாது சார்" என்று கதவைச் சாத்தவும் சாத்தாதே. ஊசலின் ஆட்ட நேரத்துக்கான சூத்திரம் நினைவில்லை என்றால், "சூத்திரம் நினைவில்லை. ஆனால் நீளம், ஈர்ப்பு முடுக்கம் இரண்டையும் சேர்த்தால்தான் நேரம் கிடைக்கும், அதிலிருந்து வடிவத்தைக் கண்டுபிடிக்க முடியும்" என்று சொல். அந்தப் பாடமே கல்லூரியில் நடத்தவில்லை என்றால் நேராகச் சொல்லிவிடு: "இது எங்கள் பாடத்திட்டத்தில் இல்லை. எனக்குத் தெரிந்தவரை முயற்சி செய்யட்டுமா?" அதைக் குற்றமாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

7. அடுத்த கேள்வியை நீயே கேள்

"வானம் ஏன் நீலம்?" என்றால் உடனே "ராலே சிதறல்" என்போம். அந்தப் பெயரோடு நின்றுவிடாதே. சிதறல் அலைநீளத்தின் நான்காம் அடுக்குக்குத் தலைகீழ் விகிதம். சிவப்பு 650 நானோமீட்டர், நீலம் 450 என்று வைத்தால், நீலம் நான்கு மடங்குக்கும் அதிகமாகச் சிதறும். கணக்கு போட்டுக் காட்டு. பிறகு கேள்வி வரும்: "அப்படியானால் ஊதா இன்னும் அதிகமாகச் சிதறுமே, வானம் ஏன் ஊதாவாக இல்லை?" சூரிய ஒளியில் ஊதாவின் பங்கு நீலத்தைவிடக் குறைவு, நம் கண்ணுக்கும் ஊதாவில் கூர்மை குறைவு என்று யோசித்துக்கொண்டு போக வேண்டும். அதன் பிறகு, "மாலையில் சூரியன் ஏன் சிவப்பு? மேகம் ஏன் வெள்ளை?" ஒரே கேள்வி சங்கிலியாக நீளும்.

திருச்சியில் பிறந்து சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சி.வி.ராமன் 1921-இல் கப்பலில் வரும்போது செய்தது இதைத்தான். கடலின் நீலம் வானத்தின் பிரதிபலிப்பு என்று ராலே சொல்லியிருந்தார். ராமன் ஒரு நிக்கோல் பட்டகத்தைக் கண்ணில் வைத்து அந்தப் பிரதிபலிப்பை வெட்டிவிட்டுக் கடலைப் பார்த்தார். நீலம் அப்படியே இருந்தது. அங்கிருந்து கிளம்பிய கேள்விதான் 1928 பிப்ரவரி 28-இல் ராமன் விளைவில் போய் நின்றது. 1933-இல் அவர் இந்திய அறிவியல் கழகத்தின் முதல் இந்திய இயக்குநர் ஆனார். நீ போகிற இடத்தில் பெரிய பெயர் சொன்ன விடையையும் ஒரு தடவை தட்டிப் பார்க்கிற பழக்கத்துக்கு அவ்வளவு மரியாதை.

8. அடுப்படியிலும் பாடம் இருக்கிறது

உத்தேசக் கணக்குக் கேட்பார்கள். இதற்குச் சூத்திரம் வேண்டாம், துணிச்சல் வேண்டும். நீ படுத்திருக்கும் அறையில் இருக்கிற காற்று எவ்வளவு எடை? மூன்று மீட்டர், நான்கு மீட்டர், மூன்று மீட்டர் உயரம் என்றால் 36 கன மீட்டர், அதாவது 36,000 லிட்டர். அறை வெப்பநிலையில் ஒரு மோல் வாயு சுமார் 24 லிட்டர் பிடிக்கும். ஆக 1,500 மோல். ஒரு மோல் காற்று 29 கிராம். மொத்தம் 43 கிலோவுக்குக் கொஞ்சம் மேல்! கண்ணுக்கே தெரியாத காற்று கிட்டத்தட்ட ஓர் ஆள் எடை.

இன்னொன்று. மண்பானையில் 10 லிட்டர் தண்ணீர். அதில் 100 கிராம் பானையின் நுண்துளை வழியாகக் கசிந்து ஆவியாகிறது. ஒரு கிராம் ஆவியாக சுமார் 2,400 ஜூல் வேண்டும், எனவே 2,40,000 ஜூல் பானைத் தண்ணீரிலிருந்து போகிறது. வெளியிலிருந்து வெப்பம் வராது என்று வைத்துக்கொண்டால் தண்ணீர் கிட்டத்தட்ட 6 டிகிரி குளிரும். பிறகு உன்னையே கேட்டுக்கொள்: சென்னையில் பானைத் தண்ணீர் ஏன் மதுரையில் குளிர்கிற அளவுக்குக் குளிர்வதில்லை? கடற்கரைக் காற்றில் ஈரம் அதிகம், ஆவியாதல் மந்தம்.

குக்கரில் அழுத்தம் இரட்டிப்பானால் தண்ணீர் சுமார் 120 டிகிரியில் கொதிக்கும், பருப்பு சீக்கிரம் வேகும். ஊஞ்சலில் அம்மா உட்கார்ந்தாலும் குழந்தை உட்கார்ந்தாலும் ஆட்ட நேரம் ஏன் கிட்டத்தட்ட ஒன்றேதான்? எழுந்து நின்று ஆடினால் ஏன் குறைகிறது? தினம் ஒரு கேள்வியை வீட்டிலிருந்தே எடு. கணிதத்தையும் கண்ணெதிரே இருப்பதையும் சேர்த்துப் பார்க்கிற பழக்கம் மூன்று வாரத்தில் நன்றாகவே வந்துவிடும்.

9. ப்ராஜெக்டில் எழுதிய ஒவ்வொரு சொல்லுக்கும் நீதான் பொறுப்பு

விண்ணப்பத்தில் ஒரு வரி எழுதியிருந்தாலும் அதைக் கிளறுவார்கள். லேசரை வைத்து அலைநீளம் அளந்தேன் என்று எழுதியிருக்கிறாயா? கிரேட்டிங் எப்படி வேலை செய்கிறது, ஒரு மில்லிமீட்டரில் எத்தனை கோடு, பிழை எவ்வளவு, பிழை எங்கிருந்து வந்தது என்று தயாராக இரு. வீட்டில் பழைய சிடி இருந்தால் எடு. அதன் தடங்களுக்கு இடையே 1.6 மைக்ரோமீட்டர். 650 நானோமீட்டர் சிவப்பு லேசரை நேராக அடித்தால் முதல் வரிசை சுமார் 24 டிகிரியில் விழும். அளந்து பார். கண்ணில் படாமல் கவனமாக.

கருவி ஏதும் இல்லாத கல்லூரியிலிருந்து வருகிறோமே என்று குறுகாதே. ஒரு நூல், ஒரு கல், போனில் ஸ்டாப் வாட்ச் போதும். ஒரு மீட்டர் ஊசலின் ஓர் ஆட்டம் சுமார் 2 நொடி. கையால் நிறுத்துவதில் 0.2 நொடி தவறினால் பத்துச் சதவீதப் பிழை. 50 ஆட்டம் எண்ணினால் 100 நொடியில் அதே 0.2 நொடிதான், பிழை 0.2 சதவீதம். ஈர்ப்பு முடுக்கம் நேரத்தின் இருமடியில் வருவதால் பிழை இரட்டிப்பாகும். 20 சதவீதம் எங்கே, 0.4 எங்கே! "ஏன் 50 ஆட்டம் எண்ணுகிறோம்?" என்பதற்கு இந்த விடையைச் சொல்லத் தெரிந்தால் நீ லேபைப் புரிந்து செய்தவள். "மேடம் அப்படிச் செய்யச் சொன்னாங்க" என்றால் புரியாமல் செய்தவள்.

10. இங்கிலீஷ் பயத்தைச் சின்னதாக்கு

நான் பன்னிரண்டாவது வரை தமிழ் மீடியம். அதனால் இந்தப் பயம் எனக்குத் தெரியும். உண்மையைச் சொல்கிறேன்: அவர்கள் உன் இலக்கணத்தைத் திருத்த உட்கார்ந்திருக்கவில்லை. போர்டில் சரியான படமும் சரியான சமன்பாடும் இருந்தால், பாதி வாக்கியம் பேசினாலும் புரிந்துகொள்வார்கள்.

இருந்தாலும் ஏழெட்டு வாக்கியத்தை நாக்கில் பழக்கி வை. "குட் யூ ப்ளீஸ் ரிப்பீட் தி கொஸ்டின், சார்?", "லெட் மீ திங்க் ஃபார் எ மினிட்", "ஐ வில் அஸ்யூம் தேர் இஸ் நோ ஃப்ரிக்ஷன்", "லெட் மீ செக் தி லிமிட்", "ஐ மேட் எ மிஸ்டேக் ஹியர்", "ஐ டோன்ட் நோ, பட் ஐ கேன் ட்ரை". கணக்கைப் போர்டில் போடும்போதே இந்த வாக்கியங்களையும் சேர்த்துச் சொல்லிப் பழகு. யோசிப்பது தமிழிலேயே நடக்கட்டும், தப்பில்லை. கேள்வி புரியவில்லையென்றால் இரண்டாவது தடவை கேட்பதில் அவமானம் ஒன்றும் இல்லை. புரியாத கேள்விக்குப் பதில் சொல்வதில்தான் நஷ்டம்.

11. மூன்று பேரை எதிரே உட்கார வை

கடைசி வாரத்தில் குறைந்தது நான்கு மாக் இன்டர்வியூ. உன் கல்லூரி ஆசிரியரிடம் கேள், அரைமணி நேரம் தரச் சந்தோஷப்படுவார். அதே இன்டர்வியூவுக்குப் போகும் தோழிகளோடு மாற்றி மாற்றிக் கேளுங்கள். ஒரு விதி வை: கேள்வி கேட்பவர் ஒவ்வொரு விடைக்கும், "ஏன்?" என்று மூன்று தடவை கேட்க வேண்டும். ஒருமுறை அப்பாவையும் உட்கார வை. இயற்பியல் தெரியாத மனிதருக்கு நீ போட்ட கணக்கைத் தமிழில் புரிய வைக்க முடிந்தால், உனக்கு அது புரிந்துவிட்டது என்று நம்பலாம். போனில் பதிவு செய்து கேட்டுப் பார். எங்கே வேகமாக ஓடுகிறாய், எங்கே முழுங்குகிறாய் என்று காதே சொல்லும்.

ஆன்லைன் இன்டர்வியூ என்றால் எழுதுவதைக் காட்ட என்ன வழி என்று அழைப்பில் பார்த்து, கேமரா, வெளிச்சம், இணையம் எல்லாவற்றையும் முந்தின நாளே சோதித்துவிடு.

12. காகித வேலையை இன்றே தொடங்கு

நல்ல மதிப்பெண் வாங்கிய பிள்ளைகள் தடுக்கி விழும் இடம் இது. தமிழ்நாட்டில் நாம் வைத்திருக்கும் பிசி, எம்பிசி சாதிச் சான்றிதழ் மட்டும் மத்திய நிறுவனங்களுக்குப் போதாது. மத்தியப் பட்டியலில் உன் சாதி இருக்கிறதா என்று பார்த்து, ஓபிசி - நான் கிரீமி லேயர் சான்றிதழை மத்திய அரசுப் படிவத்தில் வாங்க வேண்டும். இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து, தாசில்தார் அலுவலகத்திலிருந்து வரச் சில வாரம் ஆகலாம். எந்தத் தேதிக்குப் பிறகு வாங்கியது செல்லும் என்பதையும் அறிவிப்பில் படி. அழைப்பு வருமா என்று காத்திருக்காமல், விண்ணப்பிக்கும்போதே இதை முடித்து வை.

அழைப்புக் கடிதம், ஆதார், பத்தாவது முதல் கடைசி செமஸ்டர் வரை மதிப்பெண் சான்றிதழ், தேர்வின் ஸ்கோர் கார்டு, போட்டோ. அசல் ஒரு ஃபைல், ஜெராக்ஸ் இன்னொரு ஃபைல். இரண்டும் ஒரே பையில் வேண்டாம்.

13. முந்தின நாளே ஊர் போய்ச் சேர்

காலை இன்டர்வியூவுக்கு இரவெல்லாம் பஸ்ஸில் உட்கார்ந்தபடியே போய் இறங்காதே. பெங்களூரு என்றால் யஷ்வந்த்பூர் ரயில் நிலையம்தான் கழகத்துக்கு அருகில். ஆட்டோவில் "டாடா இன்ஸ்டிட்யூட்" என்று சொன்னால் கொண்டுபோய் விடுவார்கள், ஊரில் அதற்கு அந்தப் பெயர்தான். வளாகமே சுமார் 400 ஏக்கர், வாசலிலிருந்து உன் துறைக்கு நடக்க நேரம் வைத்துக்கொள். மும்பை என்றால் கொலாபா முனையில் நேவி நகர், பாதுகாப்பு உள்ள பகுதி, அடையாள அட்டையைக் கையில் எடுக்கிற மாதிரி வை. சென்னை என்றால் தரமணி, டைடல் பார்க் பக்கம்.

உடுத்துவது உனக்குப் பழக்கமான பருத்திச் சுடிதாரோ சேலையோ சட்டையோ எதுவானாலும் சரி. கை தூக்கிப் போர்டில் எழுத வசதியாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். புதுச் செருப்பு வேண்டாம். காலையில் சாப்பிட்டுவிட்டுப் போ, காத்திருப்பு மதியம் தாண்டியும் நீளலாம். காத்திருக்கும் இடத்தில் மற்றவர்கள், "இதைக் கேட்டாங்க, அதைக் கேட்டாங்க" என்று பதறுவதைக் காதில் போட்டுக்கொள்ளாதே. உனக்கு வரப்போவது உன் கேள்வி.

14. அன்று ராத்திரி செய்ய வேண்டியது

வெளியே வந்ததும் அம்மாவுக்கு ஒரு போன். சாப்பாடு. பிறகு ஒரு தாளை எடுத்து, கேட்ட கேள்விகளை எல்லாம் ஞாபகம் இருக்கும்போதே எழுது. எதில் தடுமாறினாய் என்று அடிக்கோடு போடு. இன்னோர் இன்டர்வியூ வரும்போது இந்தத் தாள் எந்தப் புத்தகத்தையும்விட உதவும்.

என் முதல் இன்டர்வியூ முடிந்து திரும்பும்போது ரயிலில் உட்காரக்கூட இடமில்லை. கழிவறைப் பக்கம் பையின் மேல் உட்கார்ந்து அழுதேன். அழுது முடித்ததும் அந்தச் சுவர் மறுபடி கண்ணுக்குள் வந்து நின்றது. அழைப்புக் கடிதத்தைத் திருப்பி, பின்பக்கத்தில் ஆசிலேட்டரின் முதல் நான்கு அலைகளை வரைந்தேன். நடுவில் ஒரு கோடு கிழித்தேன். இரண்டாவது அலையும் நான்காவது அலையும் அந்தக் கோட்டைச் சரியாகப் பூஜ்யத்தில் தொட்டுக்கொண்டு போயின. பார்த்துக்கொண்டே இருந்தேன். எனக்கு இடம் கிடைக்காது என்று தெரியும், ஆனாலும் அந்த ராத்திரி மனம் நிறைந்திருந்தது. இந்த வேலையைத்தான் நான் வாழ்நாள் முழுக்கச் செய்ய வேண்டும் என்று அந்த ரயிலில்தான் முடிவு செய்தேன்.

ஆகவே, தங்கச்சி, முடிவு எப்படி வந்தாலும் வரட்டும். விடை தெரியாமல் விட்டுவிட்டு வந்த அந்த ஒரு கேள்வியை மட்டும் அப்படியே விட்டுவிடாதே. அதை முடித்துவிட்டுத் தூங்கு.